கெட்டிலுக்கு மூடி கிடைத்த நாள்

போன வாரம் என் மகள் செல்போனிலேயே ஆறு காப்பிக் கோப்பை வாங்கினாள். நாலு கடை விலையை ஒப்பிட்டு, பாராட்டி எழுதியதை விட்டுவிட்டுத் திட்டி எழுதியதை மட்டும் படித்து, தள்ளுபடி வரும்வரை இரண்டு மாதம் காத்திருந்து வாங்கியது. அட்டைப்பெட்டியை அவள் பிரிக்கும்போதே நான் ஒரு கோப்பையை எடுத்து, என்னை அறியாமல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டிக் காதருகே வைத்தேன். அப்புறம் கவிழ்த்து அடியைப் பார்த்தேன்.

"எதுக்கும்மா தட்டிப் பாக்குற? சரியில்லன்னா பத்து நாளுக்குள்ள திருப்பி அனுப்பிடலாம்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மேல் அலமாரியில ஒரு செட்டு முழுசா இருக்குதே, அத ஏன் நீ எடுக்கவே மாட்டேங்கற?" என்று கேட்டாள்.

நான் சாமி விளக்குக்கு எண்ணெய் விடுகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

அந்த செட் என் அத்தையுடையது. அப்பாவின் கடைசித் தங்கை. நான் நாலாம் வகுப்பு படித்தபோது அத்தைக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணம் கூடிவரவில்லை. எங்கள் விருத்தாசலம் பீங்கான் ஊர். அங்கே தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்கிற ஒரு யூனிட்டுக்கு அத்தை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சம்பளத்தில் பாதிக்குமேல் வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். மீதியில், தனக்கென்று ஒரு வீடு வரும் நாளுக்காகச் சாமான் சேர்த்தாள்.

அத்தையைப்போல் சாமான் வாங்க இன்னொருவர் பிறந்துதான் வரவேண்டும். அந்த வருஷங்களில் டிவியில் மத்தியானம் ஒரு ஆளும் ஒரு பெண்ணும் மாறி மாறிக் கூவி விற்பார்கள். போன் செய்தால் வீட்டுக்கே வரும் என்பார்கள். சூடு ஆறாத பிளாஸ்க், ஒட்டாத தோசைக்கல், இப்படி. ஞாயிற்றுக்கிழமை அத்தை உட்கார்ந்து அதை முழுசாகப் பார்ப்பாள். போன் மட்டும் செய்யமாட்டாள். "அவன் கூவுற கூலியும் நம்ம தலையிலதான் வுழும்," என்பாள். ஆறு மாதம் போனால் அதே பிளாஸ்க் எங்கள் கடைவீதியில் பாதி விலைக்கு வந்துவிடும். அப்போது நாங்கள் போவோம்.

ஆடித் தள்ளுபடிக்கு எல்லோரும் முதல் வாரம் போனால் அத்தை கடைசி வாரம் போவாள். பெட்ஷீட்டைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து, வெயிலில் பிடித்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து இழை பார்ப்பாள். எது வேண்டுமோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். பக்கத்தில் இருப்பதற்கு விலை பேசி, வேண்டாம் என்று வைத்துவிட்டு, போகிற போக்கில்தான் "இது எவ்ளோங்க?" என்பாள். எனக்கும் அதில் ஒரு வேலை உண்டு. அத்தை கண் காட்டியதும், "பசிக்குது, வூட்டுக்குப் போலாம்," என்று நான் அழவேண்டும். வந்த ஆள் போய்விடுமோ என்று கடைக்காரர் விலையை இறக்குவார். திரும்பும் வழியில் எனக்குத் தேன்மிட்டாய். இந்த உலகத்தில் இதைவிடப் பெரிய திறமை இல்லை என்று நான் நம்பியிருந்தேன்.

டீ செட்தான் அத்தையின் பெரிய சாதனை. சூளையில் வேகும்போது கொஞ்சம் கோணிப்போனது, ஊசிமுனை அளவு புள்ளி விழுந்தது எல்லாவற்றையும் கோப்பை, சாசர் செய்கிற யூனிட்களின் வாசலில் செகண்ட்ஸ் என்று குவித்து விற்பார்கள். மற்றவர்கள் அதில் அகல் விளக்கும் உண்டியலும் பொறுக்கும்போது அத்தை ஒரு முழு டீ செட்டைப் பொறுக்கினாள். வெள்ளை நிறம், விளிம்பில் மெல்லிய நீலக்கோடு. ஒரு மாதம் இரண்டு கோப்பை, அடுத்த மாதம் ஒரு சாசர் என்று ஒரு வருஷம் ஆனது. ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டிக் கேட்பாள். கீறல் இருந்தால் சத்தம் அடைத்துப்போகும். கடைசியில் ஆறு கோப்பை, ஆறு சாசர், பால் ஜாடி, ஒரு கெட்டில் எல்லாம் சேர்ந்துவிட்டன. கெட்டிலுக்கு மூடி மட்டும் கிடைக்கவில்லை. எத்தனை குவியலைக் கிளறினோமோ, கணக்கில்லை. ஒரு சாசர் கீழே வைத்தால் லேசாக ஆடும். அது நம் வீட்டு ஆளுக்கு, நல்லதெல்லாம் வருகிறவர்களுக்கு என்று அத்தை சொல்லி வைத்திருந்தாள்.

அப்போது ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை மளிகைக் கடை வைத்திருந்தார். அதற்கு முன்பு இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி. இந்த இடத்துக்குப் பத்தில் எட்டுப் பொருத்தம் இருந்தது. தரகர் கொடுத்த போட்டோவை அத்தை புது பெட்ஷீட்டின் மடிப்புக்குள் வைத்திருந்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். அத்தை நீலக்கோடு போட்ட கோப்பைகளில் டீ கொண்டுவந்தாள். கெட்டிலின் வாயைத் தன் கையால் பின்னிய துணியால் மூடியிருந்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடியே, "கடையில உக்காந்து யாவாரம் பாக்க வருமாங்க?" என்று கேட்டார்.

"வாங்கத் தெரியும்ங்க. விக்கக் கத்துக்கறேன்," என்றாள் அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை நிமிர்ந்து அத்தையைப் பார்த்துச் சிரித்தார். அத்தையின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். "செட்டு அழகா இருக்குதே. எங்க எடுத்தீங்க?"

"பாண்டியில, ஒரு பெரிய கடையிலங்க," என்றார் அப்பா. "எங்க தங்கச்சிக்குச் சாதாரணதெல்லாம் புடிக்காது."

எனக்குத் தாங்கவில்லை. ஒரு வருஷம் அலைந்தது நாங்கள், பெயர் பாண்டிக் கடைக்கா? "இல்லங்க, இது செகண்ட்ஸு," என்றேன். "எங்க அத்தையும் நானும் பொறுக்குனது. மொத்தமே அறுபத்தஞ்சு ரூவா."

"அப்படியா கண்ணு?" என்று அவர் என் பக்கம் திரும்பினார். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

"உங்க சாசரு ஆடாது, பாருங்க. ஆடுறத எங்க அப்பாவுக்குக் குடுத்திருக்குது."

அப்பா அந்த நேரம் பார்த்துக் கோப்பையைக் கீழே வைக்க, சாசர் கடகடவென்று ஆடியது. எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து போய்க் கெட்டிலின் துணியை எடுத்தேன். "இதுக்கு மூடியே இல்ல. அதான் துணி போட்டு வெச்சிருக்குது. யாராலயாச்சும் கண்டுபுடிக்க முடிஞ்சுதா?"

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே, "பரவால்லையே, சிக்கனமான குடும்பம்," என்றார். பிறகு அத்தையின் கழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார். "நகையெல்லாம் எங்கங்க எடுத்தீங்க? அதும் பாண்டிதானா?"

நகையில் ஒரு குந்துமணி பொய் கிடையாது. ஆனால் அதைச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் அதற்குமேல் யார் நம்பியிருப்பார்கள்? மாப்பிள்ளை மட்டும் டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, கோப்பையைச் சத்தம் வராமல் வைத்தார். "போயிட்டு சொல்லி அனுப்புறோம்," என்று எல்லோரும் எழுந்துகொண்டார்கள்.

அவர்கள் வேன் தெரு திரும்பியதும், "மானத்த வாங்கிட்டியேடி," என்று அப்பா கையை ஓங்கினார். அத்தை நடுவில் வந்து நின்றாள்.

"புள்ள மேல கைய வெக்காத அண்ணே. பொய் சொன்னது அதுவா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, நான் சரியாத்தான சொன்னேன்?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் சொன்ன. ஒரு ரூவா கூடக் கூட்டிச் சொல்லல," என்றாள்.

அன்றைக்கு ராத்திரி நான் பெருமையோடு தூங்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நம் குறையை ஒரு தாளில் பிராதாக எழுதிக் கட்டிவிட்டால் அப்பன் முருகன் விசாரித்துத் தீர்த்து வைப்பான். தீர்ந்ததும் மறக்காமல் போய், பிராதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ராஜினாமா எழுதிக் கொடுக்கவேண்டும். அத்தை ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து, எனக்குத் தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

"என்ன பிராது அத்தை?"

"சாமிகிட்ட சொன்னத வெளிய சொல்லக்கூடாதுடி."

சொல்லாவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா? ஒரு வருஷமாக அத்தை தேடிக் கிடைக்காமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நானும் கண்ணை இறுக மூடி, "முருகா, அந்தக் கெட்டில் மூடி கிடைச்சிடணும்," என்று வேண்டிக்கொண்டேன். மனசார வேண்டினேன். அந்த வேண்டுதலில் மட்டும் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

இப்போதும் மாதம் ஒருமுறை நான் அந்தக் கோயிலுக்குப் போகிறேன். நானும் ஒரு பிராது கட்டவேண்டும் என்று பலமுறை தாளை எடுத்திருக்கிறேன். யார் மேல் என்று எழுதும் இடத்தில் என் பெயரைத்தான் எழுதவேண்டியிருக்கும். அப்பா சொன்ன பொய்யால்தானே வந்தது என்று மனசைத் தேற்றிப் பார்க்கலாம். ஆனால் அன்றைக்கு நான் அத்தையைப் புகழ மட்டும் வாய் திறக்கவில்லை. அத்தையும் நானும் என்று சொன்னேனே, அந்த "நானும்" தான் என்னைப் பேச வைத்தது.

அத்தைக்கு மேலும் ஆறு வருஷம் கழித்துத்தான் கல்யாணம் ஆனது. வேப்பூர் பக்கம், மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தவர். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்த்து வைத்த பெட்டிகளை ஏற்ற வண்டி வந்தபோது அத்தை வேண்டாம் என்றாள். "அங்க எல்லாம் இருக்குது அண்ணி. அந்தம்மா வாங்கி வெச்சது," என்று என் அம்மாவிடம் சொன்னாள். அந்த வீட்டில் ஒரு டம்ளர்கூட அத்தை தேர்ந்தெடுத்தது கிடையாது. டீ செட் என் கல்யாணத்தின்போது என்னிடம் வந்தது.

நான் சொல்லவந்தது, கோயிலுக்குப் போய்வந்த அடுத்த புதன்கிழமையைப் பற்றி. அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது தரகர் வந்து, ஜாதகத்தை வேறு இடத்தில் பார்த்ததில் சரியாக அமையவில்லையாம் என்று சொல்லிவிட்டு, போட்டோவையும் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இது அம்மா சொல்லி ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு யூனிட் வாசலில் புதுக் குவியல் கொட்டியிருந்தார்கள். மேலாகவே கிடந்தது அது. வெள்ளை மூடி, விளிம்பில் நீலக்கோடு. தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. எவ்வளவு என்று கேட்டேன். "மூடிய மட்டும் எவன் வாங்குவான், எடுத்துக்கினு போ பாப்பா," என்றார் காவல்காரர். கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்து வீடுவரை ஓடினேன்.

அத்தை உள் அறையில் புது பெட்ஷீட்டைத் தரையில் பிரித்துப் போட்டுத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க அவள் கையில் மூடியை வைத்தேன்.

"அத்தை, கொளஞ்சியப்பர் குடுத்துட்டாரு. நாளைக்கே போயி ராஜினாமா எழுதிடலாம்."

அத்தை என்னைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள். வழக்கம்போல நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டாள்.

"நல்ல சத்தம்டி," என்றாள்.

கெட்டிலை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். சூளையில் ஜோடியாகவே வெந்ததுபோல மூடி ஆடாமல் உட்கார்ந்தது. அதன் பிறகு பெட்ஷீட்டை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். ஒரு வருஷம் தேடியது கிடைத்துவிட்டது. அதுவும் ஒரு காசு செலவில்லாமல். செட் முழுசாகிவிட்டது. இதற்குப்போய் யாராவது அழுவார்களா என்று நினைத்தேன்.