நான் அடைத்த துவாரம்

1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை. கனடாவின் மொன்றியல் தீவில், மேற்கு நுனியில் உள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நடந்தது. நாங்கள் திருகோணமலையிலிருந்து வந்து ஏழு மாதம். அகதி விசாரணைக்குக் காத்திருந்தோம். வேலை செய்யும் அனுமதி இன்னும் வரவில்லை.

ஊரில் நான் அரசாங்க எழுதுவினைஞர். இங்கும் எங்கள் கட்டடத்துத் தமிழர்களில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள் என்று எல்லோருக்கும் ஓதுவேன். அனுமதியில்லாமல் வேலை செய்தால் விண்ணப்பம் என்னவாகும் என்பதையும் விளக்குவேன். அப்படி விளக்கிய நானே அனுமதியில்லாமல் வேலைக்குப் போனேன். சட்டம் தெரிந்தவர்களுக்கும் வயிறு உண்டு.

ஓய்வுபெற்ற கிழவர் ஒருவர் பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்தார். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகும் சின்ன வீடு அது. அடுப்பு, கட்டில், மேசை எல்லாம் உள்ளேயே. கோடைக்கு முன் அதன் உட்புறத்தைப் புதிதாக்க வேண்டும். பலகை வேலை என் கணவருக்கு. மெத்தை உறையும் திரைச்சீலையும் எனக்கு.

வெள்ளிக்கிழமை, சுவரின் அடியில் இருந்த கையகலத் துவாரம் ஒன்றால் குளிர் காற்று வந்தது. பனியிலேயே பிறந்தவர்களுக்கு ஓட்டை அடைக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, மிஞ்சிய ஸ்பொஞ்சைத் திணித்து, மேலே ரெக்சின் ஒட்டி, விளிம்பில் ஆணியும் அடித்தேன். கூரையில் இருந்த மற்றத் துவாரத்தையும் விடவில்லை. பக்கத்தில் மஞ்சளாகிப்போன ஒரு தாள் ஒட்டியிருந்தது. அசிங்கமாகத் தெரிந்ததால் சவர்க்காரத் தண்ணீர் தடவிச் சுரண்டி எடுத்தேன். வாசிக்கவில்லை.

மறுநாள் கணவர் உள்ளே எரிவாயு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அலுமாரிக் கதவுகளைப் பொருத்தினார். நான் கிழவரின் சமையலறையில் தைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குக் கணவர் வந்து வாசலில் நின்றார்.

“இஞ்சாரும், தலை இடிக்குது.”

“அது பசை மணம். இன்னும் நாலு கதவு கிடக்கு, சாட்டுச் சொல்லாதேங்கோ.”

“ஓம், துரை சொன்னாச் சரி,” என்று சிரித்துவிட்டுப் போனார்.

நூல் அறுந்து மெஷினை நிறுத்தியபோதுதான் சுத்தியல் சத்தம் கேட்கவில்லை என்பது உறைத்தது. எட்டிப் பார்த்தேன். ட்ரெய்லரின் கண்ணாடிகள் முழுதும் வியர்த்திருந்தன. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் தரையில் சரிந்து கிடந்தார். கூப்பிட்டேன். கண் திறந்தது, ஆனால் என்னை யாரென்று தெரியாத பார்வை. அக்குளுக்குள் கைகொடுத்து வெளியே இழுத்தேன். படியில் ஒரு சப்பாத்து கழன்று விழுந்தது.

என் அலறலில் கிழவர் ஓடி வந்தார். கணவரின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, “உள்ளே போய் அம்புலன்ஸைக் கூப்பிடு!” என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

போனேன். தொலைபேசியில் கை வைத்தேன். எடுக்கவில்லை. அம்புலன்ஸ் வந்தால் பொலிஸ் வரும், இங்கே என்ன வேலை என்று கேட்கும், கோப்பில் ஏறும், திருப்பி அனுப்புவார்கள், திருகோணமலை, சந்தியில் மறிக்கும் இராணுவம். எல்லா நடைமுறையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்தது. திறந்த கதவுக்கு வெளியே, பனியில், சப்பாத்தில்லாத அவருடைய கால் தெரிந்தது. அதன் பிறகே எண்ணைச் சுழற்றினேன். ஒரு நிமிடமா, மூன்றா? தெரியாது.

வந்தவர்கள் மூன்று கேள்விதான் கேட்டார்கள். பெயர் என்ன, வயது என்ன, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார். அனுமதிப் பத்திரத்தை யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தார். துவாரங்களை மூடாதே, மூடினால் நச்சுப் புகையில் உயிர் போகும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்ததாம். கிழவர்தான் சொன்னார். பிரெஞ்சில் மட்டுமல்ல, நான் படித்த ஆங்கிலத்திலும்.

“ஊரெல்லாற்ற படிவமும் வாசிச்ச மனிசி, என்ர உயிர் எழுதின தாளை மட்டும் வாசிக்கேல்லை,” என்று விருந்தாளிகளுக்கு இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். தொலைபேசிக் கதை அவருக்குத் தெரியாது. இதை வாசித்துத்தான் அறியப்போகிறார்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் அலுவலகங்களில் வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டேன்; இன்னமும் யாருக்காவது படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன், ஆனால் ‘தாமதத்துக்கான காரணம்’ என்ற கட்டம் வரும்போதெல்லாம் என் கை அந்தச் சமையலறைத் தொலைபேசியின் மேல் அப்படியே நின்றுவிடுகிறது.