கலர் கிச்சனில் ஒரு ஹாலிவுட் முகம்

மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆர்டரை நூல் வாங்குவதிலிருந்து அட்டைப்பெட்டி ஏற்றுவது வரை கூடவே ஓடிப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்களுக்குக் குழந்தைகள் டீ-சர்ட் ஆர்டர்தான் அதிகம் வரும். பாதி உருப்படிகளில் நெஞ்சுக்கு நேராக ஏதாவது ஒரு ஹாலிவுட் படத்தின் முகம் இருக்கும். பல வருடமாக அந்த முகங்களோடு பழகியும், அவர்கள் யார் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. எத்தனை கலர், எத்தனை ஸ்கிரீன், எந்தத் தேதியில் கப்பல் என்பதோடு என் அக்கறை முடிந்துவிடும்.

அதெல்லாம் தெரிந்தவர் எங்கள் கம்பெனியில் ஒரே ஒருவர்தான். பிரிண்டிங்குக்குச் சாயம் கலக்கும் அறையை கலர் கிச்சன் என்போம். அங்கே வேலை பார்த்த ஒரு அக்கா. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூர் வந்தவர். கணவருக்குத் துணி பின்னும் நிட்டிங்கில் வேலை. பள்ளிக்கூட நாட்களில் டிவியில் தமிழ் பேசும் இங்கிலீஷ் படங்களைப் பார்த்துப் பழகிய ஆசை, முப்பத்தைந்து வயதிலும் அவரை விடவில்லை. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொள்வார். யூடியூபில் யாரோ ஒருவர் தமிழில் ஹாலிவுட் செய்தி சொல்லிக்கொண்டிருப்பார். யாரை எந்தப் படத்துக்கு எடுத்தார்கள், யார் விலகிக்கொண்டார்கள், எது முதல் வாரமே படுத்துவிட்டது என்று எல்லாம் அவருக்கு அத்துபடி.

"அமெரிக்காவுல படம் ஓடுனா உங்களுக்கென்னங்க்கா?" என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன்.

"ஓடுனா நமக்கு வேல வரும்லா சார்," என்றார் சாதாரணமாக. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்ன பதில்தான். நான்கு வருடம் படித்துவிட்டு வந்த எனக்கு அது தோன்றியதே இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் பெரிய பரபரப்போடு எங்களிடம் போனில், வரப்போகும் ஒரு ஹாலிவுட் படத்தின் போட்டோவைக் காட்டினார். வானத்தில் கப்பல் ஓட்டும் ஒரு பெண்ணைப் பற்றிய கதையாம். பெரிய நடிகை ஒருவர்தான் நடிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, யாருக்கும் தெரியாத ஒரு புதுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நல்ல கருப்பு. சுருட்டை முடி. "இவளா கதாநாயகி" என்று உலகமே திட்டிக்கொண்டிருக்கிறது என்றார் அக்கா. "ஆனா கண்ணப் பாருங்க சார். இந்தப் பிள்ள நிக்கும்." பார்த்துவிட்டு, தயிர்சாதத்துக்குத் திரும்பிவிட்டேன்.

ஒரு வருடம் போயிருக்கும். அதே படத்தின் ஆர்டர் எங்களுக்கே வந்தது. கருநீலத் துணியில் இரண்டு டிசைன். ஒன்றில் கதாநாயகியின் தோழனாக வரும் பையன், இன்னொன்றில் அந்தப் பெண். பெரும்பகுதி பையனுக்கு. பெண்ணுக்குக் கொஞ்சம்தான். பையருக்கே அவள்மேல் நம்பிக்கை இல்லை என்பது அந்த ஆர்டர் ஷீட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

மாதிரிக்கு ஒரு பிரிண்ட் அடித்து பையருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகுதான் மொத்தத்தையும் அடிக்க முடியும். எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் சேவூர்க்காரர், தொழிலில் கில்லாடி, தங்கமான மனிதர். பெண் முகம் என்றால் கலரில் இரண்டு கரண்டி வெள்ளை சேர்ப்பது அவர் கைப்பழக்கம். அந்தத் தடவையும் சேர்த்தார்.

அக்கா சாய வாளியை எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், அந்தப் பிள்ள நெறம் இது இல்ல."

"புள்ளைக போடற துணிங்கம்மா. கொஞ்சம் வெளுப்பா இருந்தாத்தானுங்க எடுப்பா இருக்கும். ஏனுங்க தம்பி, நீங்க சொல்லுங்க," என்று மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

மேசையில் பையர் அனுப்பிய ஆர்ட்வொர்க்கும் நிறம் காட்டும் ஷேடு கார்டும் கிடந்தன. எடுத்து ஒப்பிட்டிருக்கலாம். எனக்கும் வெளுப்பாக இருந்தது அழகாகத்தான் பட்டது. "நல்லாத்தானுங்க இருக்குது, அனுப்பிரலாம்," என்றேன். அக்கா வாளியைக் கழுவப் போனார்.

பையரின் பதில் மூன்றாம் நாள் வந்தது. இது யாருடைய முகம், எங்கள் கதாநாயகி இவள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது மாதிரியில் மாஸ்டர் வெள்ளையைக் குறைத்தார். சாம்பல் பூசியதுபோல் வந்தது. அதுவும் திரும்பியது. இன்னும் ஒரு வாய்ப்புதான், இல்லாவிட்டால் அந்த டிசைனையே ஆர்டரிலிருந்து நீக்கிவிடுவோம் என்றார்கள்.

மெயிலை வைத்துக்கொண்டு கலர் கிச்சனுக்குப் போனேன். அக்காவிடம் கேட்க வாய் கூசியது. கேட்டேன். "என்ன பண்ணலாங்க்கா?"

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. "எனக்கு ஒரு மத்தியானம் குடுங்க சார்," என்றார்.

கருநீலத் துணியில் எந்தக் கலரும் நேராக நிற்காது. முதலில் வெள்ளையை அடியில் அடித்து, அதன்மேல்தான் மற்ற கலர்களை அடிப்போம். எல்லாரும் மேல் கலரையே மாற்றிக்கொண்டிருந்தோம். அக்கா அடியில் போகும் வெள்ளையில் கை வைத்தார். அதிலேயே கொஞ்சம் பழுப்பும் ஒரு துளி சிவப்பும் சேர்த்தார். "அடியில சுண்ணாம்பு இருந்தா மேல என்ன பூசினாலும் சுண்ணாம்புதான் தெரியும் சார்." போனில் அந்தப் பெண்ணின் பேட்டி ஒன்றை ஓடவிட்டு, வெயிலில் நிற்கிற இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஈரத்தில் ஒரு நிறம், சூட்டு மெஷினுக்குள் போய் வந்தால் ஒரு நிறம். அடிப்பார், மெஷினில் விடுவார், வெளியே எடுத்துக்கொண்டுபோய் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவார். எட்டுத் துண்டுகள் வீணாயின. ஒன்பதாவதை வெளிச்சத்தில் பிடித்தவர் கையை இறக்கவே இல்லை.

மாஸ்டர் வந்து பார்த்தார். பிறகு, "இது சாயம் மாதிரியே இல்லீங்கம்மா. தோலு மாதிரி இருக்குதுங்க," என்றார். முப்பது வருடம் ஸ்கிரீன் பிடித்த கை அந்தத் துண்டை ஒருமுறை தடவிக்கொண்டது. எனக்கு அவர்மேலும் மரியாதை கூடிய நாள் அது.

பையர் ஒரே வரியில் சரி என்று எழுதினார்.

அதற்கப்புறம் ஒருநாள் டீ குடிக்கும்போது அக்காவிடம் கேட்டேன், ஏன் அந்தப் பெண்ணுக்காக இவ்வளவு பிடிவாதம் என்று. அவர் யோசித்துத்தான் சொன்னார்.

"நம்ம கம்பெனி விளம்பரப் புஸ்தகத்துக்குப் போட்டோ எடுத்தாங்கல்லா சார். என்னைய முன்னால நிக்க வச்சிட்டு, பொறவு லைட் பத்தலன்னு பின்னால போகச் சொன்னாங்க. லைட்டு பத்தாம இல்ல, எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளயும் எத்தன எடத்துல பின்னால போகச் சொல்லிக் கேட்டிருப்பாளோ. ஒருத்தன் முன்னால கூப்பிட்டிருக்கான். நாம போயி வெள்ளயடிக்கலாமா?"

அந்தப் போட்டோ எடுத்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். வரிசையைச் சரிசெய்து நிற்கவைத்தவனே நான். அதைச் சொல்லி, மன்னிச்சுக்குங்க்கா என்றேன். "அட, நீங்க என்ன சார் செய்வீங்க," என்று சிரித்து டம்ளரைக் கழுவி வைத்தார். அவர் அப்படி விட்டுவிட்டது எனக்கு இன்னும் பெரிதாகத்தான் படுகிறது.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. திங்கட்கிழமை காலை நான் வண்டியை நிறுத்துவதற்குள் அக்கா வந்துவிட்டார். "சார், கூட்டம் அள்ளுதாம். திட்டுனவனெல்லாம் இப்பம் அவளத்தான் கொண்டாடுதான். ரிப்பீட் ஆர்டர் வரும். அந்தப் பிள்ள டிசைனுக்குத்தான் வரும். துணிக்குச் சொல்லி வச்சிருங்க."

பையரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆர்டர் இல்லாமல் துணிக்குச் சொல்வது எங்கள் தொழிலில் தலையைக் கொடுக்கிற வேலை. இருந்தாலும் முதலாளியிடம் போய் நின்றேன். தோட்டத்தில் தக்காளி போட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து வந்து கம்பெனி கட்டியவர் அவர்.

"யாரு கண்ணு சொன்னாங்க, பையரா?"

"இல்லீங்க. நம்ம கலர் கிச்சன் அக்காங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "அந்த மூஞ்சி கலரைக் கொண்டுவந்தவங்கதானே? சரி, கருநீலத் துணி கொஞ்சம் ஓட்டச் சொல்லு," என்றார்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. முதல் ஆர்டரில் பையனுக்குக் கொடுத்த அளவுக்கும் மேலே, முழுக்க அந்தப் பெண்ணின் முகம், அவசரம். துணி கையில் இருந்தது. இருபது நாள் பிரிண்டிங் பிரிவே அவள் முகமாக இருந்தது. காய்வதற்குப் போட்டிருந்த மேசைகளில் வரிசை வரிசையாக அவள் படுத்துக்கிடந்தாள். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் அவளை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கப்பல் ஏற்றிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பிரிண்டிங் பெண்கள் ஏழெட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு அக்கா தமிழில் தாமதமாக வந்திருந்த அந்தப் படத்துக்குக் கிளம்பினார். என் மகளையும் கூட்டிக்கொண்டு நானும் போனேன். மாஸ்டர் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் முதலில் திரையில் வந்தபோது எங்கள் வரிசைதான் தியேட்டரிலேயே அதிகம் கத்தியது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க புள்ளைதானுங்க," என்று மாஸ்டர் அவர்களுக்கு விளக்கம் சொன்னார். அக்கா மட்டும் கத்தவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் பாப்கார்ன் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்தவர் கடைசிவரை அதைத் தொடவில்லை.

இப்போது கலர் கிச்சனுக்கு அவர்தான் பொறுப்பு. ஆர்டர் வந்தால் முதலாளி அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, "ஏனுங்கம்மா, இந்தப் படம் ஓடுமுங்களா?" என்று கேட்கிறார். நடுவில் ஒரு குரங்குப் படம் நிச்சயம் ஓடும் என்று அக்கா சொல்லி, அது மூன்று நாளில் பெட்டிக்குள் போய்விட்டது. குரங்கு அச்சடித்த துணி இன்னும் எங்கள் குடோனில் கிடக்கிறது. முதலாளி வருத்தப்பட்டபோது அக்கா அசரவில்லை.

"யாரு நடிக்காங்க, ஏன் எடுத்தாங்கன்னு நான் சொல்லுதேன் சார். ஓடுததும் ஓடாததும் பாக்குதவங்க கையிலல்லா இருக்கு."

முதலாளி சிரித்துவிட்டு, அவருக்கும் எனக்கும் டீ சொன்னார்.