அத்தாவின் கட்டைவிரல்

என் அத்தா ஆட்டு வியாபாரி. வியாழக்கிழமை விடிவதற்குள் அய்யலூர் சந்தையில் நிற்பார். எந்த ஆட்டையும் வாங்குமுன் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் மீது கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். அவ்வளவுதான், கறி எவ்வளவு நிற்கும் என்று சொல்லிவிடுவார். சிலர் உப்புப் போட்ட தவிட்டைத் தின்னக் கொடுத்து, தண்ணீரை வயிறு முட்டக் குடிக்க வைத்து ஆட்டைக் கொண்டுவருவார்கள். அந்த வேலையெல்லாம் அத்தாவிடம் நடக்காது. "வயித்தப் பாக்காதப்பா, முதுகத் தொட்டுப் பாரு" என்று மற்ற வியாபாரிகளுக்கும் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் வீட்டுப் பூனையிடம் ஏமாந்தார் என்றால் யார் நம்புவார்கள்?

பேகம்பூரில் எங்கள் வீட்டுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்ட பூனை அது. சாம்பல் நிறம், சடை சடையாக முடி. அத்தா வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதை வயிற்றோடு சேர்த்து அள்ளித் தோளில் போட்டுக்கொள்வார். என்னை அப்படித் தூக்கிக் கொஞ்சியதாக எனக்கு நினைவே இல்லை. பூனை மேல் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது நிஜம்.

இந்தக் கோடையில் அதன் வயிறு உருண்டு திரண்டது. கையில் கனம் கூடக்கூட அத்தாவுக்குப் பெருமை. "நல்லா தேறிருச்சு" என்பார். "பக்ரீத்துக்கு நிக்கிற கெடாவவிட இது எடை கூட நிக்கும்த்தா" என்று நான் கேலி பண்ணுவேன். நாலடி நடந்தால் அதற்கு மூச்சு வாங்கியது. பிறகு படுத்திருக்கும்போதே விலா ஏறி ஏறி இறங்கியது. கொழுப்புத்தான் காரணம் என்று அம்மா சோற்றைக் குறைத்தார். அத்தா அம்மாவுக்குத் தெரியாமல் ஈரல் துண்டு கொண்டுவந்து நீட்டுவார். அது முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். "கோவத்தப் பாரு இதுக்கு" என்று சிரிப்பார்.

ஒருநாள் காலை அது வாயைத் திறந்து, நாய் மாதிரி மூச்சுவிட ஆரம்பித்தது. கூடையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் ஓடினோம். சின்ன வயதுப் பெண். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பிறகு முடியை விலக்கி அதன் முதுகில் விரல் வைத்தவர், நிமிர்ந்து அத்தாவைப் பார்த்தார்.

"இது குண்டு இல்லைங்கய்யா. உடம்புல சதையே இல்ல. நெஞ்சுலயும் வயித்துலயும் தண்ணி கட்டியிருக்கு. ரொம்ப நாளாவே இருந்திருக்கும்."

"தண்ணியா?" என்றார் அத்தா.

ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். மூச்சு கொஞ்சம் அடங்கியது. பழைய கனத்தை நினைத்துக்கொண்டு அத்தா அதைத் தூக்க, கை சட்டென்று மேலே போய்விட்டது. "இம்புட்டுத்தானா நீ?" என்று அதனிடமே கேட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

நோய் முற்றிவிட்டது, தண்ணீர் மறுபடியும் சேரும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார் டாக்டர். சேர்ந்தது. அந்த வாரமே ஒரு மத்தியானம், அத்தாவின் மடியில் கிடந்தபடியே அதன் மூச்சு நின்றது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "ஒரு பூனைக்குப் போயா இந்தப் பாடு?" என்றார். "ஒங்களுக்குத்தான் அது பூனை. பேசாம போங்க மாமி" என்று கத்திவிட்டேன். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்படவில்லை.

வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டியாயிற்று. துணியில் சுற்றுவதற்கு முன் அத்தா அதைத் தரையில் கிடத்தி, முதுகில் கட்டைவிரலை வைத்தார். பிடரியிலிருந்து வால்வரை மெதுவாகக் கொண்டுபோனார். அந்த விரலை அவர் அதன்மேல் வைத்து நான் பார்த்ததே இல்லை.

"முன்னாடியே ஒரு தடவ தொட்டுப் பாத்திருக்கலாமேத்தா" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

அவர் விரலை எடுக்கவில்லை.

"அறுக்கப்போற உருப்படியத் தொடுற வெரலும்மா இது," என்றார். "புள்ளைய எப்படித் தொடுவேன்?"