திலகவதி அக்காவுக்கு வந்தது சாமி இல்லை

திலகவதி அக்காவின் உடம்புக்குள் என்ன ஓடுகிறது என்று சொல்ல எங்கள் ஊர் அலோர் காஜாவில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை. நானும் அவரும் ஆயர் குரோவில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். என் காரில்தான் போய் வருகிறோம். போகும்போதும் வரும்போதும் அந்தப் புலம்பலை முழுசாகக் கேட்டவள் நான். கேட்கக் கேட்க எனக்கே எரிச்சலாக வரும்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, பள்ளி முடித்த கையோடு தொழிற்சாலைக்கு வந்தவர். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மின்னணு உறுப்புகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பகல் முழுக்க அந்த வேலை. படுக்கப் போனால் உடம்புக்குள் வேறு வேலை தொடங்கிவிடும்.

மார்புக்குள், முதுகில், தொடையில் ஓர் அதிர்வு. "ஹேண்ட்போன வைப்ரேட்ல போட்டு முழுங்குன மாதிரி இருக்கு நளினி" என்பார். கையை நீட்டினால் விரல் ஆடாது. கணவர் பிச்சைமுத்து தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவர் முதலில் உறுமும் ஐஸ்பெட்டியைச் சந்தேகப்பட்டார், பிறகு சாலையில் போகும் லாரிகளை. கடைசியில் கட்டில் பக்கத்தில் ஒரு குவளை நிறையத் தண்ணீர் வைத்துப் பார்த்தார். தண்ணீர் அசையவில்லை. "பாத்தியா, ஒன்னும் இல்ல. நீயா நெனச்சுக்கிற" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டாராம். அந்தத் தண்ணீரை அவர் தலையிலேயே கொட்டியிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

கம்பெனி அனுப்பிய கிளினிக்கில், "ஸ்ட்ரெஸ் லா, மேடம். ரிலெக்ஸ்" என்று வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் இருதயத்தைச் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். காரில் ஏறியதும் அக்கா அழுதார். "ஏதாச்சும் இருந்திருக்கலாம். இருந்தாத்தான நம்புவாங்க?" நான் ஏர்கோன் குளிரைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது வீட்டுக்குள்ளிருந்து வந்த விளக்கம். பிச்சைமுத்து அண்ணனின் அக்கா ராமாத்தாள் அவர்களோடுதான் இருக்கிறார். பிள்ளை இல்லை, கணவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகிறது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குக் கரகம் எடுப்பவர் அவர்தான். அருள் வந்து ஆடினால் தோட்டமே கைகட்டி நிற்கும். வாக்குக் கேட்கத் தூரத்து மூவாரிலிருந்துகூட ஆள் வரும். தம்பி அவரைக் கேட்காமல் ஒரு கார்கூட வாங்கியதில்லை.

திலகவதி அக்காவின் அதிர்வைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ராமாத்தாள் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா உன்கிட்ட வர்றா தாயி. வழி விடு. எனக்கும் இப்படித்தான் வந்துச்சு." அதோடு விட்டாரா? இந்த வருஷம் தன் தம்பி பெண்டாட்டிதான் கரகம் எடுப்பாள் என்று கோயில் தலைவரிடமே சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், மீன் வாங்கிக்கொண்டிருந்த அக்காவிடம் ஒருத்தி குழந்தையை நீட்டித் திருநீறு பூசச் சொன்னாள்.

"தூக்கம் வேணும்னு கேட்டா கரகத்தக் குடுக்குறாங்க!" என்று காரின் டேஷ்போர்டை ஓங்கி அடித்தார் அக்கா. அடி வாங்கியது என் கார். பிறகு குரல் இறங்கியது. "எனக்குச் சாமி நம்பிக்கை இல்லாம இல்ல நளினி. அதான் பயமா இருக்கு. வராத சாமிய வந்துச்சுன்னு ஆடிட்டு, நாளைக்கு அவ முன்னாடி எப்படி வெளக்கேத்துவேன்? ஆடிக்குள்ள இது என்னன்னு எனக்குத் தெரியணும்."

அப்புறம்தான் அலோர் காஜாவில் ஒரு பெண் டாக்டரைப் பிடித்தோம். தினம் எத்தனை காப்பி, என்னென்ன மாத்திரை என்று கேட்டுவிட்டு, வேறு யாரும் கேட்காத ஒன்றையும் கேட்டார்: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? அக்கா விழித்தார். வந்தால் கொட்டுகிறது, இல்லாவிட்டால் மாதக்கணக்கில் வருவதில்லை. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? டாக்டர் தைராய்டு, சர்க்கரை, இரும்புச்சத்து எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்.

முடிவு கேட்கப் போன சனிக்கிழமை ராமாத்தாள் அம்மாவும் திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கிளினிக்குக்குள் அக்கா மட்டும் போனார். திரும்பி வந்தவர் கார்க் கதவை அறைந்து சாத்தினார்.

"தைராய்டு நல்லாருக்காம். இரும்புச்சத்துதான் கொறைவாம். மென்ஸ் நிக்கப்போற நேரத்துல ஹார்மோன் ஏறி எறங்கும், சில பொம்பளைங்களுக்கு இப்படி உள்ளுக்குள்ள அதிருமாம். அதா இருக்கலாமாம். இருக்கலாம்! இத்தன ஊசி குத்தியும் 'இருக்கலாம்'தானா? இதுதான்னு அடிச்சுச் சொல்ல டெஸ்டே இல்லியாம். இரும்பு மாத்திர சாப்பிட்டுட்டு அடுத்த மாசம் வரணும். ஹார்மோன் மருந்து தரலாமான்னு அப்பப் பாப்பாங்களாம்."

மூச்சு வாங்கிக்கொண்டு பின்பக்கம் திரும்பினார். இத்தனை மாதம் அடக்கி வைத்ததெல்லாம் அவர் குரலில் இருந்தது. "கேட்டீங்களா அண்ணி? சாமி இல்ல. இந்த வயசுல பொம்பள ஒடம்புக்கு வர்றதுதான். கோயில்ல போய்ச் சொல்லிடுங்க."

ராமாத்தாள் அம்மா கோபப்படுவார், சாபம் விடுவார் என்று நான் பயந்தேன். அவர் பொட்டலத்தை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுலயா?" என்றார்.

"ஆமா அண்ணி."

"எனக்கு மொத தடவ வந்தப்பவும் உன் வயசுதான்." பொட்டலத்திலிருந்து கண்ணை எடுத்து அக்காவைப் பார்த்தார். "அப்ப, எனக்கு வந்தது?"

"உங்களுக்கு வந்தது சாமிதான் அண்ணி. என்னுதுதான் வேற" என்று அக்கா ஒருவழியாகச் சொன்னார். சமாதானம் சொல்ல அவருக்கு என்றைக்குமே வராது.

"படுத்தாத்தான் வரும். நெஞ்சுக்குள்ள மிசின் ஓடுற மாதிரி. தூங்கவே முடியாது. பூசாரிகிட்ட சொன்னேன், அம்மா வந்திருக்கான்னாரு. கால்ல விழுந்தாங்க. என்னைய யாரும் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகல தாயி. தூங்குனியான்னுகூட ஒருத்தரும் கேக்கல."

"இப்பக் கேக்கலாம் அண்ணி. டாக்டரு உள்ளதான் இருக்காங்க, வாங்க." அக்கா கதவுப் பிடியில் கைவைத்தார்.

"இப்ப எதுக்கு? அது நின்னு ரொம்ப வருசமாச்சு." ராமாத்தாள் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நின்னப்புறம் ஆடுனதெல்லாம் நானா ஆடுனது. அம்மா எதுக்கு என்னைய விட்டுட்டுப் போனான்னு தெனமும் அவகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேன். உனக்கு வந்திருக்குன்னதும், சரி, அவ நம்ம வீட்டவிட்டுப் போகலன்னு எனக்கு அம்புட்டுச் சந்தோசம்."

நான் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன். பூசாரி மேல், பிச்சைமுத்து மேல், விழுந்து விழுந்து கும்பிட்ட தோட்டத்து ஜனங்கள் மேல் எல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வருஷா வருஷம் போய்க் கும்பிட்டவர்களில் நானும் ஒருத்தி.

"நான் கரகம் எடுக்க மாட்டேன் அண்ணி" என்றார் திலகவதி அக்கா. இப்போது அந்தக் குரலில் கோபம் இல்லை.

"வேணாம் தாயி" என்றார் ராமாத்தாள் அம்மா. "இனிமே நானும் எடுக்கல."