ஜெராக்ஸ் கடை அக்காவின் பொடி

ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் பொடி டப்பாவை நீட்டுவாள் அக்கா. "ஒரு சிட்டிகை நாக்குல வைங்க. எதிர்ப்பு சக்தி இருந்தா எந்தக் கிருமியும் கிட்ட வராது." தும்மாதவர்களுக்கும் உண்டு. அவசரமாக நகலெடுக்க வந்த வக்கீல்கூட விழுங்கிவிட்டுத்தான் போக முடியும்.

இஞ்சி, பூண்டு, மஞ்சள், காய்ந்த நெல்லிக்காய். இடிப்பதும் சலிப்பதும் அவளேதான். துவைத்த சட்டையிலும் அந்த நெடி போகவில்லை என்று கணவர் முணுமுணுப்பார். ஆனால் ஒரு கரண்டி விழுங்காமல் குழாய் வேலைக்குக் கிளம்பமாட்டார்.

சென்ற மழைக்காலம்வரை கடை இப்படித்தான் நடந்தது. அப்போது துருப்பிடித்த குழாய் ஒன்று அவர் உள்ளங்கையைக் கிழித்தது. அக்கா பொடியைத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். கை வீங்கியதும் அளவைக் கூட்டினாள். காய்ச்சல் அடித்தபோது, "உடம்பு சண்டை போடுது, நல்லதுதான்" என்றாள். சிவப்புக் கோடு ஒன்று மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியது. அப்போதும் அவள் கரண்டியோடுதான் நின்றாள். அவர் அவளையே உற்றுப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்ட பிறகுதான் ஆட்டோவுக்கு ஓடினாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "கிருமி ரத்தத்துல ஏறிடுச்சும்மா. எவ்வளவு தெம்பான உடம்பா இருந்தாலும் இனிமே ஊசி மருந்துக்குத்தான் கேக்கும்."

சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குவதைப் பார்த்தபடி, முதுகு சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள் அக்கா. மெல்லத் தெளிந்து கண் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி: "பொடி கொண்டாந்தியா?"

"பேசாம படுங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

அவருக்கு இரண்டு விரல்கள் இன்னும் சரியாக மடங்குவதில்லை. ஸ்பேனரை இடது கையால் திருகப் பழகிக்கொண்டார். டப்பா இன்றும் கடையில் இருக்கிறது. "பசி எடுக்கும், சாப்பிடுங்க" என்பதோடு அக்கா பேச்சை நிறுத்திக்கொள்கிறாள்.

போன வாரம் காய்கறி வண்டிக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். ஆணி குத்திய பாதத்தில் துணிக்கட்டு. "ஆஸ்பத்திரிக்கெல்லாம் எங்கேக்கா போறது? அந்தப் பொடி கொஞ்சம் குடுங்க."

அக்கா குனிந்து கட்டை விலக்கிப் பார்த்தாள். கணுக்கால்வரை சிவந்து பளபளத்தது. வரிசையில் நின்றவர்களிடம், "அப்புறம் வாங்க" என்றாள். ஷட்டரை இழுத்து இறக்கினாள். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, பின் இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினாள்.