ஜிம்மியைக் கூப்பிட்டால் வரும் நீலம்

கண்ணாடித் தட்டில் நீலம் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில், குட்டியிலேயே கால் தளர்ந்து விழும் நாய்களின் தசையைச் சோதிக்கிறோம். பரம்பரையாக வரும் நோய் அது. தொடையில் எடுத்த துணுக்கை உறையவைத்து, மெல்லிதாகச் சீவி, சாயக் கரைசலில் போட்டு வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைப்போம். சாயம் தானாக ஒட்டாது. தசைக்குள் மிஞ்சியிருக்கும் நொதி வேலை செய்தால்தான் நீலம் வரும். நாய் செத்து நாளாகியிருக்கும். அதன் சதை மட்டும் இங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

நோய்த் தசையோடு நல்ல நாயின் சீவல் ஒன்றையும் சேர்த்துப் போட வேண்டும். அதில் நீலம் வந்தால்தான் சாயத்தை நம்பலாம். எங்களுக்கு அந்த நல்ல தசை, கூடத்தின் பொறுப்பில் இருந்த டாக்டரம்மா வளர்த்த ஜிம்மியுடையது. தாடிக்கொம்பு ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்ததும், அவரே தசையை அறுத்து உறையவைத்தார். எப்படித்தான் மனசு வந்ததோ! ஒவ்வொரு முறையும் தட்டை உள்ளே வைத்துவிட்டு, "ஜிம்மி, வாடா" என்பார். சற்று நேரத்தில் சுங்குடிச் சேலையில் புள்ளி தெளிவதுபோல நீலம் ஏறும். "வந்துட்டான்" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். அவர் லீவில் இருந்த ஒருநாள் நான் கூப்பிடாமல் வைத்தேன், நீலம் வரவில்லை. சாயம் பழசு என்று பிறகு காரணம் கண்டுபிடித்தோம். ஆனாலும் அதன்பின் நான் சிரிக்கவில்லை.

நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் செத்த குட்டியோடு வந்தார். அந்த ஈத்தில் அது இரண்டாவது.

"தாய் மறுபடி பருவத்துக்கு வந்திருக்கும்மா. அதே கடுவனோட சேக்கவா, வேணாமா? இன்னொரு குட்டி இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்கறதப் பாக்க முடியாதும்மா" என்றார்.

ஜிம்மியில் மிச்சமிருந்தது கடைசித் துணுக்கு. வேறு நல்ல தசை கிடைக்கும்வரை தள்ளிப்போடலாமே என்றேன்.

"அவரு எம்புட்டு நாளு காத்துக் கெடப்பாரு?" என்று டாக்டரம்மா அதைச் சீவினார். தட்டை உள்ளே வைத்தபின் என் பக்கம் திரும்பினார்.

"நீ கூப்பிடுப்பா."

கூப்பிட்டேன். ஜிம்மி வந்தான். பக்கத்தில் குட்டியின் தசை நீலம் சரியாக ஏறாமல் வெளிறிக் குழம்பிக் கிடந்தது; அதே பரம்பரை நோய்தான். அந்த ஜோடியை இனிச் சேர்க்க வேண்டாம் என்று வியாபாரியிடம் சொல்லி அனுப்பிவிட்டு, டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது நாங்கள் வைப்பது வேறொரு நாயின் தசை. அதன் பெயர் யாருக்கும் தெரியாது. நேற்றும் தட்டை வைத்துவிட்டு, அறையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "ஜிம்மி, வாடா" என்றேன்.

நீலம் ஏறியது. வந்தது யார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.