அப்பாவுக்கும் ஓர் அட்டை

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. மூடியில் இருந்த ரோஜாப்பூ பாதி உரிந்துவிட்டது. உள்ளே விரல் நீளத்துக்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் வேதாகமத்திலிருந்து ஒரு நல்ல வாக்கு. ஜனவரி முதல் தேதி காலையில், டூட்டி மாறும் நேரத்தில், எங்கள் மேட்ரன் இதைத் திறந்து நர்ஸ்கள் அறையில் நீட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தருகிற சொல் அது. காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் அந்த ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் திருநீறு பூசுகிறவர்கள். ஆனாலும் யாரும் வேண்டாம் என்றதில்லை. மேட்ரன் கொடுத்தால் விஷத்தைக்கூடக் குடிப்போம் என்று எங்களுக்குள் கேலி பேசிக்கொள்வோம். எல்லோரும் எடுத்து முடித்ததும், "வீட்ல இருக்கவுகளுக்கும் ஒண்ணொண்ணு எடுங்கத்தா" என்பார். நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எடுப்பேன். அப்பா ஆத்தங்குடியில் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அட்டையை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. மதுரையில் பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் வார்டிலேயே சன்னலோரக் கட்டிலில் நாற்பது நாள் கிடந்தார். பேச்சு முழுவதும் போய்விட்டது. பெற்ற மகள் நானே முகத்தைத் திருப்பிக்கொண்ட நாள் உண்டு. அப்படி நாறியது அந்தப் புண். அதை மேட்ரன்தான் தினமும் தன் கையால் துடைத்துக் கட்டுவார். அவர் பதவிக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டியதே இல்லை. "அண்ணே, இன்னைக்குத் தெளிவா இருக்கீக" என்று சொல்லிக்கொண்டே செய்வார். கடைசி வாரத்தில் ஒருநாள் அப்பாவின் காதருகே குனிந்து, "ஆண்டவரை ஏத்துக்கிறீகளாண்ணே? வாயத் தொறக்க வேணாம், தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்" என்று கேட்டார். நான் பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்பா சிரித்தார். வேண்டாம் என்று தலையசைத்தார். நெற்றியில் இருந்த திருநீற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு, அவரைப் பார்த்துக் கும்பிட்டார். கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வேண்டாம் என்று சொல்கிறவரைப்போலத்தான், யார் மனமும் கோணாமல் மறுத்தார். கார்த்திகை முடிகிற சமயத்தில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய மறுநாள் ஜனவரி ஒன்று. எனக்கு எடுத்தேன், அம்மாவுக்கு எடுத்தேன். பழக்கதோஷத்தில் அப்பாவுக்கும் கையை விட்டேன். மேட்ரன் மெல்ல மூடியைச் சாத்தினார். "வேணாம்த்தா. அவருக்கு இனிமே எடுக்கக் கூடாது." செத்தவர்களுக்கு எடுக்கும் வழக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "ஏன் மேட்ரன், மேல போனவுகளுக்கு வாக்கு வேணாமா?" என்று கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. "ஒன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். அவரு மேல போகலத்தா. கீழ போனவுகளுக்கு மீட்சியே கெடையாது" என்றார். அவர் அழுகையில் ஒரு பொட்டுப் பொய் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

எங்கள் ஊரிலும் நரகம் உண்டு. எண்ணெய்க் கொப்பரை, முள் படுக்கை எல்லாம் சிறுவயதில் கேட்டு நடுங்கியதுதான். ஆனால் அந்தத் தண்டனை ஒருநாள் முடிந்துவிடும். நாயாகவோ பன்றியாகவோ மறுபடி பிறந்து நாலு தெரு சுற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். மேட்ரனின் நரகத்தில் நாயாகப் பிறக்கக்கூட வழியில்லை. நாற்பது நாள் வேதனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஊசி ஊசியாகப் போட்டு அதைக் கடத்தியவள் நான். என்றைக்காவது முடியும் என்பதால்தான் தாங்கினோம். அப்பா போனதும், "விட்டுச்சுடா சாமி" என்று அம்மா பெருமூச்சு விட்டாள். மேட்ரனைப் பொறுத்தவரை அப்போதுதான் அது தொடங்கியிருக்கிறது. அப்படி நம்பிக்கொண்டே அவர் மறுநாள் வார்டுக்கு வந்திருக்கிறார், டீ குடித்திருக்கிறார், என்னைத் தட்டிக்கொடுத்திருக்கிறார். நாற்பது நாள் புண்ணைத் துடைத்த கை, என் அப்பாவை நெருப்பில் போட்டுவிட்டு வந்து டப்பாவை மூடியது. எனக்கு அது துரோகமாகத்தான் பட்டது. இன்றைக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து மேட்ரனின் ஒரே மகன் திருச்சி ரோட்டில் பைக்கில் போனபோது லாரி மோதி, அந்த இடத்திலேயே இறந்தான். அம்மாவைக் கூட்டிப்போக அடிக்கடி வார்டுக்கு வருகிற பையன். என்னை அக்கா என்பான். ஒருநாள் அவனிடம் அப்பா தலையசைத்த கதையைச் சொன்னேன். "ஒங்கப்பாவுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லக்கா. எனக்கும் நம்பிக்கை கெடையாது. அம்மா கேட்டா சும்மா தலைய ஆட்டிக்கிட்டு இருக்கேன். சொல்லிராதீக" என்றான். சொல்ல மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

கோட்டையூரில் அவர்கள் வீட்டுத் துக்கத்துக்குப் போனேன். மேட்ரன் வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே மகன் சபைக்கு வரவில்லை என்பது அவருக்கும் தெரியும். "கடைசி நொடியில மனசுக்குள்ள கூப்புட்டுருப்பான். அந்த ஒரு நொடி போதும் ஆண்டவருக்கு" என்றார். உள்ளதைச் சொன்னால், அந்தச் சாவு வீட்டில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கதவு திறந்துவிட்டதே! ஒரு நொடி போதும் என்றால் என் அப்பாவுக்கு நாற்பது நாள் இருந்ததே. இனி அவரும் அதே வழியாக உள்ளே போய்விடுவார் என்று நம்பினேன். அடுத்த ஜனவரிக்காகக் காத்திருந்தேன்.

அந்த முதல் தேதி மேட்ரன் தனக்கு ஓர் அட்டை எடுத்தார். பிறகு மகன் பெயரைச் சொல்லி இன்னொன்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்கப்பாவுக்கும் ஒண்ணு எடுத்துக்கிறேன் மேட்ரன்" என்று கையை நீட்டினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அவரு வேணாம்னு தலையாட்டுனாரேத்தா. எங்கண்ணால பாத்தேனே" என்றார். என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் இருந்தது. ஒங்க மகனும் வேணாம்னுதான் சொன்னான் மேட்ரன், எங்காதால கேட்டேன். அதைச் சொன்னால் என் அப்பா மீளப் போவதில்லை; அந்தப் பையனும் அவரோடு போய் விழுவான், அவ்வளவுதான். அப்பாவுக்கு அவர் செய்ததை அவர் பிள்ளைக்கு நான் செய்ய ஒரு மூச்சு போதும். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ஊசி போடப் போய்விட்டேன்.

மேட்ரன் ஓய்வு பெற்றுவிட்டார். போகும்போது டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது நான்தான் நீட்டுகிறேன். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அவரிடமிருந்து போன் வரும். "தம்பிக்கு ஒண்ணு எடுத்தியாத்தா?" என்று கேட்பார். "எடுத்துட்டேன் மேட்ரன்" என்பேன். எடுத்துத்தான் இருப்பேன். அவன் அட்டைக்குப் பக்கத்தில் அப்பாவின் அட்டையும் மேசைமேல் இருக்கும். அதைப் பற்றி அவர் இதுவரை கேட்டதில்லை.